வாசலில் கேட்கப்படும் சுயசரிதை

1922-ம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஹார்வர்ட் கல்லூரியில் சேர விரும்பிய அமெரிக்கப் பையனுக்குக் கிடைத்த விண்ணப்பப் படிவத்தில், அதற்கு முன் கேட்கப்படாத சில கேள்விகள் இருந்தன. இனமும் நிறமும் என்ன? மதம் எது? தாயாரின் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன? தகப்பனார் பிறந்த இடம் எது? பிறகு எல்லாவற்றையும்விட விசேஷமான ஒன்று: நீ பிறந்த பிறகு உன் பெயரிலோ உன் தகப்பனார் பெயரிலோ ஏதாவது மாற்றம் செய்யப்பட்டிருக்கிறதா? இருந்தால் முழுமையாக விளக்கு.

‘முழுமையாக விளக்கு’ என்ற அந்த இரண்டு சொற்களில் எனக்கு ஒரு எழுத்து வடிவத்தின் பிறப்பு தெரிகிறது. பெயர் பெற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இன்று சேர வருகிறவர்களிடம் கேட்டு வாங்குகிற, தன்னைப் பற்றிய கட்டுரையைத்தான் சொல்கிறேன். கட்டுரை என்றதும் மான்டேய்னில் தொடங்கி லாம்ப், ஹாஸ்லிட் என்று வம்சாவளி சொல்லத் தோன்றும். பி.ஏ. வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் மான்டேய்னிடம் யாரும் கேட்கவில்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தன் கோபுர அறையில் உட்கார்ந்து, தன் மறதியையும் சிறுநீரகக் கல்லையும் பற்றி, யாருக்கும் பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமல் எழுதியவர் அவர். கேட்கப்பட்டு எழுதுகிற ‘நான்’ வேறு ஜாதி. அதன் தாய் வீடு இலக்கியம் அல்ல, விண்ணப்பப் படிவம்.

இதில் எனக்கு அக்கறை வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்ற டிசம்பரில் எங்கள் கிளையின் ஹெட் கேஷியர், சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்து, “தம்பி, நீங்க இங்கிலீஷ் லிட்டரேச்சர்தானே? பொண்ணு அமெரிக்காவுல காலேஜுக்குப் போடறா. ஏதோ கட்டுரையாம், ஒரு பார்வை பாத்துக் குடுங்க” என்றார். சாயங்காலம் போனேன். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற பெண். இயற்பியலில் கெட்டி. உதவித்தொகை கிடைத்தால்தான் போக முடியும். 250 வார்த்தைக்குக் குறையாமல் 650-க்கு மேற்படாமல் எழுத வேண்டும். தேர்ந்தெடுத்துக்கொள்ள ஏழு தலைப்புகள். அதில் ஒன்று, நீ சந்தித்த ஒரு தடையையோ தோல்வியையோ விவரி, அது உன்னை எப்படிப் பாதித்தது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்பது. அவள் எழுதியிருந்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்படி ஒரு கேள்வி ஒரு கல்லூரியின் வாசலுக்கு எப்படி வந்தது என்பதுதான் அன்றிரவு பஸ்ஸில் வரும்போது என்னைத் தொல்லை செய்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கல்லூரிகள் பரீட்சை வைத்துத்தான் ஆள் எடுத்தன. லத்தீன், கணிதம் என்று எழுத வேண்டும், தேறினால் இடம். சில பாடங்களில் விழுந்தவனைக்கூட நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் இடம் காலியாக இருந்தது. இது சமத்துவம் அல்ல என்று சொல்ல வேண்டியதில்லை. லத்தீன் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் யாருக்குக் கிடைத்ததோ அவன்தான் எழுத முடியும். ஆனால் அந்த முறையில் ஒரு ஓட்டை இருந்தது. லத்தீனை எப்படியோ கற்றுக்கொண்டு வந்து நிற்கிறவனை வெளியே அனுப்ப அதனிடம் வழி இல்லை.

அப்படி வந்து நின்றவர்கள் யூதர்கள். 1880-களிலிருந்து ரஷ்யப் பேரரசை விட்டு ஓடிவந்து நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் தையல் பட்டறைகளில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள். டிராமில் ஏறிக் கல்லூரிக்கு வந்தார்கள், பரீட்சையில் தேறினார்கள், சாயங்காலம் டிராமில் வீட்டுக்குப் போனார்கள். ஹார்வர்டின் முதலாண்டு வகுப்பில் 1900-ல் அவர்கள் நூற்றுக்கு 7 பேர். 1922-ல் 21-ஐத் தாண்டிவிட்டார்கள். நியூயார்க்கில் இருந்த கொலம்பியாவில் இன்னும் அதிகம், ஏறக்குறைய 40 என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கொலம்பியாதான் முதலில் விழித்துக்கொண்டது. புகைப்படம், நேர்முகம், குடும்ப விவரம் கேட்கும் நீண்ட படிவம், மனோதத்துவப் பரீட்சை என்று 1919 வாக்கில் ஆரம்பித்து இரண்டொரு வருஷத்தில் அந்த விகிதத்தைப் பாதியளவுக்கு இறக்கிவிட்டது.

ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லோவல் இதைவிட வெளிப்படையான மனிதர். யூதர்கள் இத்தனை சதவீதத்துக்கு மேல் வேண்டாம், 15 போதும் என்று 1922-ல் நேராகவே சொன்னார். கோடைக்காலத்து ஹோட்டல் ஒன்று யூதர்களை அனுமதித்துக் கெட்டுப்போவது அந்த யூதர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல, அவர்கள் வந்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள், மற்றவர்கள் போன பின் அவர்களும் போய்விடுவார்கள் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். நம்மூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சொல்கிற அதே நியாயம்: எங்களுக்கு ஒன்றும் இல்லை, அக்கம்பக்கத்தில் சங்கடப்படுவார்கள்.

லோவலின் நேர்மை அவருக்கு உதவவில்லை. விஷயம் பத்திரிகைகளுக்குப் போயிற்று. பாஸ்டன் அரசியல்வாதிகள் கூச்சல் போட்டார்கள். ஒரு கமிட்டி போட வேண்டியதாயிற்று. கமிட்டி 1923 ஏப்ரலில், ஒதுக்கீடு கூடாது, ஹார்வர்டின் மரபு அதுவல்ல என்று அறிக்கை கொடுத்தது. அதோடு நிற்காமல், தொலைதூர மாநிலங்களின் பள்ளிகளில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வருகிற மாணவர்களைப் பரீட்சை இல்லாமலே எடுக்கலாம் என்றும் சிபாரிசு செய்தது. தெற்கிலும் மேற்கிலும் இருந்து நல்ல கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன்கள் வருவார்கள் என்று நம்பியிருக்கலாம். வந்தவர்களிலும் யூதர்கள் இருந்தார்கள். 1925-ல் விகிதம் 27-ஐத் தாண்டியது.

இங்கேதான் சரித்திரத்தில் அந்தச் சொல் நுழைகிறது. குணம் — நபரின் குணம், தன்மை, ஆளுமை. 1926-ல் ஹார்வர்ட் இரண்டு முடிவுகள் எடுத்தது. முதலாண்டில் 1,000 பேருக்கு மேல் இல்லை என்பது ஒன்று. பரீட்சையில் தேறியவர்களிலிருந்து, அவர்களுடைய குணத்தையும் தகுதியையும் பார்த்துப் பொறுக்குவது என்பது இரண்டாவது. யூதன் என்ற சொல் எங்கும் இல்லை. புகைப்படம் கேட்டார்கள், பள்ளித் தலைமை ஆசிரியரின் சான்று கேட்டார்கள், நேரில் பார்த்தார்கள். லோவல் 1933-ல் ஓய்வுபெறும்போது விகிதம் அவர் முதலில் கேட்ட 15-க்கு வந்து நின்றிருந்தது. இதையெல்லாம் அந்தக் கல்லூரிகளின் காகிதங்களிலிருந்தே தோண்டியெடுத்து மார்சியா சின்னாட் 1979-லும், ஜெரோம் காரபெல் 2005-லும் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். காரபெல்லின் புத்தகம் தலையணை அளவு. படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பத் தோன்றும்: எண்ணால் சொன்னபோது எல்லோரும் எதிர்த்தார்கள். குணத்தால் சொன்னபோது யாரும் எதிர்க்கவில்லை. எண்ணை எதிர்த்து வழக்குப் போடலாம், குணத்தை எதிர்த்து என்ன செய்வது?

பரீட்சைத்தாளில் மதிப்பெண் இருந்தது. மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டபோது அந்த ஆளையே பேச வைப்பது இயல்பான அடுத்த படி. 1935-ல் ஹார்வர்டின் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஏன் இங்கே வர விரும்புகிறாய்? பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், கவனமான பதிலைக் கமிட்டி எதிர்பார்க்கிறது என்ற எச்சரிக்கை வேறு. அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு பையன் ஐந்து வாக்கியங்களில் பதில் எழுதினான். ஹார்வர்ட் நல்ல கல்லூரி, எனக்கு எப்போதும் அங்கே போக ஆசை, என் தகப்பனார் படித்த இடத்தில் படிக்க விரும்புகிறேன், ஹார்வர்ட்காரன் என்பது பொறாமைப்படத்தக்க பெருமை — இவ்வளவுதான் சாரம். பிரின்ஸ்டனுக்கும் ஏறக்குறைய இதையே எழுதி, கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தான். இரண்டு இடத்திலும் கிடைத்தது. முதலில் பிரின்ஸ்டனுக்குப் போய், உடம்பு சரியில்லாமல் திரும்பி, அடுத்த வருஷம் ஹார்வர்டில் சேர்ந்தான். பையனின் பெயர் ஜான் கென்னடி.

அமெரிக்கர்கள் இதை எடுத்துப் போட்டு, இன்றைய பிள்ளைகள் இப்படி எழுதினால் வாசல்கூடத் திறக்காது என்று சிரிக்கிறார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. அந்த ஐந்து வாக்கியங்களில் கேள்விக்கான உண்மையான பதில் இருந்தது, தகப்பனார் என்ற ஒரு சொல்லில். தையல்காரர் பிள்ளை பெயர் மாற்றத்தை முழுமையாக விளக்க வேண்டியிருந்த காலத்தில் பெரிய வீட்டுப் பிள்ளை எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டுரை எழுத வேண்டிய அவசியம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வாசல் தூரம். (கென்னடியின் குடும்பமும் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம்தான், ஒரு தலைமுறைக்கு முன் அவர்களும் வாசலில் நின்றவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் ஒரு தலைமுறையில் எவ்வளவோ விளக்கங்களை மிச்சப்படுத்திவிடுகிறது.)

இந்தக் கதையை 1922-லிருந்து ஆரம்பித்தது முழு நியாயம் அல்ல. ஹார்வர்ட் இருக்கிற அதே ஊரில், அதற்கு ஏறக்குறைய முந்நூறு வருஷம் முன்பு இன்னொரு வாசல் இருந்தது. எனக்கு அதுதான் மூத்த வாசலாகத் தெரிகிறது.

மாசசூசெட்ஸில் குடியேறிய ப்யூரிட்டன்கள் 1630-களின் நடுவில் ஒரு புது விதியைக் கொண்டுவந்தார்கள். சபையில் உறுப்பினராக ஒழுக்கமும் வேத அறிவும் மட்டும் போதாது. கடவுளின் கிருபை தன்மேல் இறங்கிய அனுபவத்தைச் சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர்கள் தீர்மானிப்பார்கள். விஷயம் ஆன்மிகம் மட்டும் அல்ல. அந்தக் குடியேற்றத்தில் ஓட்டுரிமை சபை உறுப்பினர்களுக்குத்தான் என்று 1631-லேயே சட்டம் இருந்தது. கேம்பிரிட்ஜ் என்று பின்னால் பெயர் மாறிய அந்த ஊரின் போதகர் தாமஸ் ஷெப்பர்ட். சேர வந்தவர்கள் சொன்னதைத் தன் நோட்டில் எழுதிவைத்தார். 50-க்கு மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள். 1981-ல் அவை அச்சாயின. கைத்தொழில்காரர்கள், அவர்கள் மனைவிமார், வேலைக்காரப் பெண்கள், 1640-ல் ஹார்வர்டின் முதல் தலைவரான ஹென்றி டன்ஸ்டர் எல்லோரும் அந்த நோட்டில் வருகிறார்கள். கல்லூரித் தலைவரும் வீட்டு வேலைக்காரியும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வாக்குமூலங்களுக்கு ஒரு வடிவம் உண்டு. எட்மண்ட் மார்கன் என்ற சரித்திர ஆசிரியர் 1963-ல் வந்த தன் சிறு நூலில் அதைத் துல்லியமாகக் காட்டியிருக்கிறார். முதலில் பாவத்தின் உணர்வு, பிறகு தன்னால் ஒன்றும் ஆகாது என்ற கையறு நிலை, அதில் ஒரு சிறு வெளிச்சம், வெளிச்சத்தைப் பற்றிய சந்தேகம், சந்தேகத்தோடு போராட்டம். முக்கியமான விஷயம், எனக்கு நிச்சயம் தெரியும், நான் காப்பாற்றப்பட்டுவிட்டேன் என்று அடித்துச் சொன்னவன்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வராது. முழு நிச்சயம் போலியின் அடையாளம். கொஞ்சம் தடுமாற வேண்டும். ஆனால் தடுமாற்றத்திலேயே நின்றுவிடவும் கூடாது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வாரா வாரம் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். அப்படியானால் ஒருத்தி அழுதுகொண்டே தன் அனுபவத்தைச் சொல்லும்போது அது அவளுக்கு நேர்ந்ததா, நேர்ந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்ததா?

எனக்கு இதில் ஏளனம் எதுவும் இல்லை. அவள் பொய் சொல்லியிருப்பாள் என்றும் நான் நினைக்கவில்லை. வடிவம் கைக்குக் கிடைத்தபின் அனுபவம் அந்த வடிவத்திலேயே நேர்கிறது; அதுதான் பயங்கரம். ஷெப்பர்டின் சபைக்கும் இன்றைய 650 வார்த்தைக்கும் நேரான ரத்த சம்பந்தம் இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தடை, தோல்வி, தன்னை அறிதல், முற்றுப்பெறாத வளர்ச்சி என்று அந்தப் பெண்ணின் மேஜைமேல் இருந்த ஆலோசனைக் குறிப்பைப் படித்தபோது, பாவம், கையறு நிலை, வெளிச்சம், சந்தேகம் என்ற படிகள் மதச்சார்பற்ற உடையில் வந்து நிற்பதாகத்தான் எனக்குப் பட்டது. பெருமையடிக்காதே, அடக்கமாக இரு, ஆனால் அடக்கத்துக்குள் உன் தகுதி தெரிய வேண்டும். ஷெப்பர்டுக்கு இது புரிந்திருக்கும்.

ப்யூரிட்டன்களின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். அப்பன்மார் கடல் கடந்து வந்தவர்கள், அவர்களுக்குச் சொல்ல அனுபவம் இருந்தது. பிள்ளைகள் ஒழுங்காக வளர்ந்தார்கள். பெரிய பாவமும் இல்லை, பெரிய வெளிச்சமும் இல்லை. சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களால் உறுப்பினராக முடியவில்லை. அதனால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்கவில்லை. 1662-ல் பாதி உறுப்பினர் என்று ஒரு சமரசம் செய்தார்கள். உள்ளே இருப்பவர்களின் வாரிசுகளுக்கு வாக்குமூலத்தில் சலுகை. ஹார்வர்டில் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு இருக்கிற சலுகையை இதோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். யுத்தத்துக்குப் பிறகு கல்லூரிக்கு வருகிறவர்கள் பெருகினார்கள். யூதர்களைத் தடுக்கிற நோக்கம் மெல்ல மறைந்தது. அதற்காகச் செய்த கருவிகள் மறையவில்லை. 1975-ல் 15 தனியார் கல்லூரிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தைப் பொதுவாக வைத்துக்கொண்டன. இன்று அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அந்தப் பெண் நிரப்பியதும் அதைத்தான். 1978-ல் பாக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மருத்துவக் கல்லூரி ஒன்று 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியது செல்லாது என்றது. ஆனால் நீதிபதி பவல், எண்ணாக இல்லாமல், விண்ணப்பதாரரின் முழு ஆளுமையில் இனத்தையும் ஒரு அம்சமாகப் பார்க்கலாம் என்றார். அதற்கு உதாரணமாக அவர் காட்டியது ஹார்வர்டின் முறையை. ஒரு இனத்தை வெளியே நிறுத்தக் கண்டுபிடித்த கருவி, வேறொரு இனத்தை உள்ளே விடுவதற்கான முன்மாதிரி ஆயிற்று. சரித்திரத்துக்கு இந்த மாதிரி ஹாஸ்யத்தில் ஒரு ருசி உண்டு.

ஹாஸ்யம் அங்கேயும் முடியவில்லை. ஆசிய வம்சாவளியினருக்கு அநீதி நடக்கிறது என்று 2014-ல் ஹார்வர்டின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2018-ல் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது ஆளுமைக்கு என்று ஹார்வர்ட் தனியாகப் போடுகிற ஒரு மதிப்பெண் வெளியே வந்தது. கல்வியில் முன்னால் நிற்கிற ஆசியப் பிள்ளைகள் அதில் சராசரியாகப் பின்தங்கியிருந்தார்கள். வேண்டுமென்று செய்யப்படவில்லை என்று கீழ்நீதிமன்றம் 2019-ல் சொன்னது. இருக்கலாம். ஆனால் குணம் என்ற சொல்லின் ஜாதகம் தெரிந்தவனுக்கு அது ஆறுதல் அல்ல. 2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதையே செல்லாது என்று தீர்த்தது. அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு கதவைத் திறந்து வைத்தார்: இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவன் தானே எழுதினால் அதைப் படிக்கலாம். நேரடியாகச் செய்யக்கூடாததைக் கட்டுரை வழியாகச் செய்யக்கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருந்தது. கறுப்பின மாணவன் ஒருவன் இனி உள்ளே போக வேண்டுமானால் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதாது. தன் காயத்தை 650 வார்த்தைக்குள் கதையாக்கித் தர வேண்டும். அடுத்த சில மாதங்களிலேயே பல கல்லூரிகள் தங்கள் கேள்விகளை அதற்கேற்ப மாற்றி எழுதிக்கொண்டன. 1922-ல் பெயர் மாற்றத்தை விளக்கச் சொன்னார்கள். ஒரு நூறு வருஷத்துக்குப் பின் காயத்தை விளக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். இரண்டாவதில் நல்லெண்ணம் இருக்கிறது. நல்லெண்ணம் காயத்தை இன்னும் நன்றாகவே எழுத வைக்கும் என்பதுதான் என் சங்கடம்.

மதிப்பெண் ஏழைக்கு எதிரானது, கட்டுரையில்தான் ஏழையின் குரல் கேட்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன். கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்த 60,000 பேரின் கட்டுரைகளை, ஏறத்தாழ இரண்டரை லட்சம், கணினியில் இட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. கட்டுரைகளின் உள்ளடக்கம் வீட்டு வருமானத்தோடு ஒட்டியிருந்த அளவு, எஸ்.ஏ.டி. பரீட்சை மதிப்பெண் ஒட்டியிருந்த அளவைவிட அதிகம். எதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றுவதே வருமானத்தைப் பொறுத்து இருக்கிறது. இப்போது யந்திரமே கட்டுரை எழுதித் தரும் காலம் வந்துவிட்டதால், டியூக் பல்கலைக்கழகம் 2024-ல் கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டது. கட்டுரையை நிறுத்தவில்லை.

நமக்கு இது அன்னியமான விஷயம் என்று தோன்றலாம். நம் பரீட்சையில் விடைத்தாளில் பெயரை எழுதினால் குற்றம். பதிவு எண்தான். எழுதியவன் யார் மகன், எந்தத் தெரு என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது. மனப்பாடத்தையும் கோனார் நோட்ஸையும் நாம் எவ்வளவு திட்டினாலும், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தவர்கள்தான் நம்மில் பலர். ஆளுமையை எடைபோடும் ஆசை இங்கேயும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் மொத்தம் 275-ல் 75 மதிப்பெண் நேர்முகத்துக்கு என்று வைத்திருந்தார்கள். விளையாட்டு, பொதுத்திறமை, உடல்வலு இப்படி. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது பார்த்த மாத்திரத்திலேயே அதிகம் என்றது. சில நிமிஷங்களில் ஒரு பையனின் ஆளுமையை அளந்து 75-க்கு மதிப்பெண் போட்ட மகானுபாவர்களை நினைத்துப் பார்க்கிறேன். என்னை வங்கி வேலைக்கு எடுத்தபோதும் நேர்முகத்தில், உன்னைப் பற்றிச் சொல் என்றார்கள். பெயர், ஊர், படிப்பு என்று மூன்று வாக்கியம் சொன்னேன். நான்காவது வாக்கியம் வரவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஆனால் இந்தப் பக்கங்களைப் படிக்கிற நாமும் ஒரு வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான். கவிதை ஒன்றைத் திருப்பி அனுப்பும்போது நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? அனுபவம் இல்லை, சுய அனுபவத்தின் உண்மை இல்லை. நானே இப்படி ஒரு இளம் கவிஞனுக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் அவன் அம்மாவின் சாவைப் பற்றி ஒரு கவிதை அனுப்பினான். நல்ல கவிதை. பிரசுரமும் ஆயிற்று. அவன் அம்மா உயிரோடு இருப்பதாகப் பிறகு தெரிந்தது. அப்போது அவன் பொய்யன் என்று கோபப்பட்டேன். அவன் என் படிவத்தை நிரப்பித் தந்தான், அவ்வளவுதான். நகுலன் மாதிரி ஒருவர், தன்னைச் சுற்றியே எழுதியும் ‘நான் இது’ என்று ஒருபோதும் உறுதிப்படுத்தாமல் போனவர், எந்த வாசலில் என்ன வாக்குமூலம் கொடுத்திருப்பார் என்று யோசிக்கிறேன். கமிட்டி அவரைத் திருப்பி அனுப்பியிருக்கும்.

அந்தப் பெண்ணின் கட்டுரைக்கு வருகிறேன். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா, அப்போது அவளுக்கு ஒன்பது வயது. 10-ம் தேதி வங்கிகள் திறந்ததிலிருந்து டிசம்பர் கடைசி வரை அவள் அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார் என்பதை எழுதியிருந்தாள். ஒருநாள் கணக்கில் 4,000 ரூபாய் குறைந்ததும், அவர் கையிலிருந்து கட்டியதும், அதை அம்மாவிடம் சொல்லாததும். சாப்பிட உட்கார்ந்தால் கையில் பழைய நோட்டு வாசனை போகாமல் இருந்ததும். அந்த நாட்களில் நானும் அதே கிளையில் இருந்தவன். கூண்டுக்கு இந்தப் பக்கம் வரிசையில் ஒரு கிழவர் மயங்கி விழுந்ததை மட்டும் நினைவில் வைத்திருந்தேன். 4,000 ரூபாய் விஷயம் எனக்குத் தெரியாது.

ஆலோசனை சொல்ல அவர்கள் பணம் கட்டியிருந்த கம்பெனி இரண்டு இடத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதியிருந்தது. இதில் உன் தடை எங்கே? நீ என்ன கற்றுக்கொண்டாய்?

“அங்கிள், இதுல கஷ்டப்பட்டது அப்பாதானே? நான் என்ன கஷ்டப்பட்டேன்? நான் தூங்கிட்டுதான் இருந்தேன்” என்றாள்.

அப்பாவின் களைப்பைப் பார்த்துப் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள முடிவு செய்தேன் என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்து ஒரு பிரதி தயாராக இருந்தது. அவளுக்குப் படிக்க ஆசை இயற்பியல். அந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். எடுத்தால் உதவித்தொகை கிடைக்குமா என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? பி.ஏ. இலக்கியம் அதற்கு உதவாது. எடுத்தால் கட்டுரை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். இரண்டு இடத்தில் காற்புள்ளி சேர்த்தேன், ஒரு இடத்தில் வினையைத் திருத்தினேன்.

கிளம்பும்போது ஹெட் கேஷியர் வாசல்வரை வந்தார். “எதைப் பத்தி எழுதியிருக்கா தம்பி? எங்கிட்ட காட்ட மாட்டேங்கறா” என்றார். பாங்க்கைப் பற்றி என்றேன். “பாங்க்கைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?” என்று சிரித்தார்.

எந்தப் பிரதியை அனுப்பினாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. முடிவு மார்ச் கடைசியில் வரும் என்றார்கள்.